மருந்து தந்த மாமேதை டாக்டர் சுப்பாராவ்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

முன்னுரை

காய்ச்சல் வந்தால் மருந்துக் கடைக்குச் சென்று மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். இரண்டொரு நாளில் உடம்பு தேறிவிடுகிறது. அந்த மாத்திரையை உலகுக்குத் தந்தவர் யார், அதற்காக அவர் பட்ட பாடு என்ன என்று நாம் ஒரு நாளாவது எண்ணியதுண்டா? பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கின் பெயர் நமக்குப் பாடப்புத்தகத்திலேயே அறிமுகமாகி விடுகிறது. ஆனால் நம் நாட்டில் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்கா சென்று பல அரிய மருந்துகளைத் தந்த டாக்டர் எல்லாப்ரகட சுப்பாராவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம். அவருடைய ஆய்வுக்கூடம் தந்த மருந்து ஒன்று, அவர் மறைந்த பிறகு கோழிப் பண்ணைக்குள் புகுந்ததையும், அதனால் விளைந்த கேடு விலங்கியல் பூங்காவின் கூண்டு வரை சென்றதையும் சேர்த்தே காண்போம். ஏனெனில், அக்கதையைச் சொல்லாமல் விட்டால் அவர் வாழ்க்கையின் பாடம் நமக்கு முழுமையாகக் கிட்டாது.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் கோதாவரிக் கரை நாட்டைச் சேர்ந்த பீமாவரம் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் ஆந்திர மாநிலத்தில் உள்ளது. அன்றோ நம் அரியலூரைப் போலவே அதுவும் சென்னை மாகாணத்தின் ஓர் ஊர். தந்தையார் ஜகன்னாதம் வருவாய்த் துறையில் பணிபுரிந்தவர். அவர் நோய்வாய்ப்பட்டமையால் குடும்பம் வறுமையில் வாடியது. தாயார் வெங்கம்மா மனவுறுதி மிக்கவர். பிள்ளை படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பதே அந்த அம்மையாரின் ஒரே ஆசை.

பிள்ளைக்கோ படிப்பில் நாட்டமில்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்பது அவர் போட்ட திட்டம்! பாதி வழியிலேயே பிடித்துக் கொண்டு வரப்பட்டார். தாயார் தம் நகைகளை விற்று அவரைப் படிக்க வைத்தார் என்பர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறினார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறை எழுதித் தேறினார். பொதுத் தேர்வை எதிர்நோக்கி நிற்கும் நமக்கு இது எத்துணை ஆறுதலான செய்தி! தோல்வி என்பது முற்றுப்புள்ளி அன்று என்பதற்கு இவர் வாழ்வே சான்று.

மருத்துவக் கல்லூரியில்

மாநிலக் கல்லூரியில் படித்தபின் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார் சுப்பாராவ். தாயார் இசையவில்லை. மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டு செய்யலாமே என்ற அறிவுரை மடத்திலிருந்தே வந்தது. ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். அந்நியத் துணியை ஒதுக்கிக் கதர் அணியத் தொடங்கினார் சுப்பாராவ். அறுவை மருத்துவக் கூடத்திலும் அவர் அணிந்தது கதர் ஆடையே. ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. நன்றாகப் படித்தும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை.

இதற்கிடையே அவர் உள்ளத்தைப் பிளந்த துயரம் ஒன்று நேர்ந்தது. அவருடைய உடன்பிறந்தார் இருவர் ‘ஸ்புரூ’ என்னும் கொடிய வயிற்று நோயால் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். உண்ட உணவின் சத்து உடம்பில் ஒட்டாமல், வயிற்றுப்போக்கும் இரத்தச் சோகையுமாக மனிதரை உருக்குலைக்கும் நோய் அது. அவரையும் அந்நோய் பற்றியது. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதி என்னும் ஆயுர்வேத மருத்துவர் அவரைக் குணப்படுத்தினார். நன்றி மறவாத சுப்பாராவ் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணியாற்றினார். ஆயினும் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து காணவேண்டும் என்ற வேட்கை அவரை விடவில்லை. மாமனாரின் பொருளுதவியோடு, இளம் மனைவி சேஷகிரியைப் பிரிந்து, 1920களின் தொடக்கத்தில் கப்பலேறினார்.

பாஸ்டன் நகரில்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் பணமில்லை. பகலில் படிப்பு, இரவில் ஒரு மருத்துவமனையில் கடைநிலை ஊழியம். நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைச் சுமந்து துப்புரவு செய்யும் வேலைக்கும் மருத்துவப் பட்டம் பெற்ற அம்மனிதர் முகம் சுளிக்கவில்லை.

1925ஆம் ஆண்டில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் அறிஞரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் கணக்கிட எளிய முறை ஒன்றை வகுத்தார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரிலேயே அது ஆய்வுக்கூடங்களில் நிலைத்துவிட்டது. 1929ஆம் ஆண்டில் இருவரும் ஏ.டி.பி. என்னும் பொருளைத் தசையில் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே அதனைக் கண்டறிந்தார். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் செலவழிக்கும் ஆற்றல் நாணயம் இந்த ஏ.டி.பி. தானே! அறிவியல் பாடத்தில் இப்பெயரை எழுதும்போது இனி நாம் சுப்பாராவையும் நினைவு கூரலாம். 1930இல் டாக்டர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவில்லை.

மருந்துகளின் ஊற்று

1940இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் துறைத் தலைவரானார். அங்கே கழிந்த எட்டே ஆண்டுகளில் அவரும் அவர் வழிநடத்திய அறிஞர் குழுவும் செய்த சாதனைகள் வியப்பூட்டுபவை.

முதலாவது ஃபோலிக் அமிலம். 1945இல் இதனைச் செயற்கையாக உருவாக்கும் வழியை அவர் குழு கண்டது. ஸ்புரூ நோயால் வரும் இரத்தச் சோகைக்கு இது நன்மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தபோது கொண்ட வேட்கை கால் நூற்றாண்டுக்குப் பின் நிறைவேறியது. கருவுற்ற தாய்மார்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று வழங்கும் மாத்திரையில் இரும்புச் சத்தோடு இருப்பதும் இதுவே.

இரண்டாவது, யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான். டி.இ.சி. மாத்திரை என்று நம் ஊர்ப்பக்கம் வழங்குவது இதுதான். மூன்றாவது, ஃபோலிக் அமிலத்திற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகள். 1948இல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் இவற்றுள் ஒன்றைக் கொண்டு இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் நோயைச் சில காலமேனும் தணித்துக் காட்டினார். அவ்வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

நான்காவதுதான் ஆரியோமைசின். நோய்க் கிருமிகளாகிய பாக்டீரியாக்களை அடக்கும் ஆன்டிபயாடிக் மருந்து இது. பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் பேராசிரியர் ஓய்வு பெற்று எழுபது வயதைக் கடந்த பின் லெடர்லேயில் பணிக்குச் சேர்ந்தார். பல இடங்களிலிருந்தும் மண் வரவழைத்துச் சோதித்தார். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து வயல் மண்ணில், பொன்னிறம் காட்டும் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததால் பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டி மருந்துக்குப் பெயர் வைத்தனர். கண்டவர் டக்கர், அப்பெரியவரின் பணிக்கு இடமும் துணையும் தந்த ஆராய்ச்சித் தலைவர் சுப்பாராவ். பெனிசிலினுக்கு அடங்காத பல கிருமிகளையும் அடக்கியதால் 1948இல் இம்மருந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின் என்று பின்னர் வந்தவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1994இல் சூரத் நகரில் பிளேக் நோய் பரவியபோது மக்கள் தேடி வாங்கிய காப்ஸ்யூல் டெட்ராசைக்ளின்தான். ஸ்புரூ நோய்க்கும் ஃபோலிக் அமிலத்தோடு டெட்ராசைக்ளினையே மருத்துவர்கள் தருகின்றனர். தம் இல்லத்தைச் சூறையாடிய நோயை வெல்லும் இரு படைக்கலங்களும் தம் ஆய்வுக்கூடத்திலிருந்தே வரும் என்று கப்பலேறிய அன்று அந்த இளைஞர் கனவிலும் கண்டிருப்பாரா?

மறைவு

ஆரியோமைசின் வெளியான அதே ஆண்டில், 1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார் சுப்பாராவ். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. கடல் கடந்த பிறகு அவர் தாய்நாடு திரும்பவேயில்லை. தாயையும் மனைவியையும் மீண்டும் காணவில்லை. பிறந்த ஆண் மகவும் மழலையிலேயே மறைந்து போயிற்று. புகழை நாடாத அவருக்கு நோபல் பரிசும் வாய்க்கவில்லை. ஒரு பூஞ்சைக்கு அறிஞர்கள் அவர் பெயரைச் சூட்டினர். நம் அரசு 1995இல் அவர் நூற்றாண்டு விழாவையொட்டி அஞ்சல் தலை வெளியிட்டது.

கோழிக் குஞ்சுகளும் ஒரு கிறிஸ்துமஸ் நாளும்

சுப்பாராவ் மறைந்து நான்கு மாதங்கள் கழிந்தன. அதே லெடர்லேயில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர் கோழிக் குஞ்சுகளுக்கு மலிவான சத்துணவு தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் எடுத்தபின் எஞ்சிய சக்கையையும் தீவனத்தில் கலந்து பார்த்தனர். 1948ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஜூக்ஸ் குஞ்சுகளை எடை போட்டார். சக்கை தின்ற குஞ்சுகள் மற்றவற்றைவிடக் கொழுத்திருந்தன! சக்கையில் எஞ்சி நின்ற சிறிதளவு மருந்தே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

செய்தி பரவியது. 1950களில் கோழி, பன்றி, மாடு என்று நோயே இல்லாத விலங்குகளுக்கும் தீவனத்தோடு ஆன்டிபயாடிக் கலந்து தருவது பல நாடுகளில் வழக்கமாயிற்று. நோயாளிக்கென்று பிறந்த மருந்து, எடை கூட்டும் சரக்காக மாறியது.

இதனால் வந்த கேடு என்ன? பாக்டீரியாக்கள் சில இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக் கூடியவை. கோடிக்கணக்கானவற்றுள் ஒன்றிரண்டு மருந்துக்கு அசையாதவையாக இருக்கும். சில, உள்ளே புகுந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளிவிடும். குறைந்த அளவு மருந்து நாள்தோறும் கிடைத்தால் என்ன ஆகும்? எளியவை மடியும்; வலியவை மட்டும் தப்பிப் பெருகும். களைக்கொல்லியை அரைகுறையாகத் தெளித்த வயலில், தப்பிய களையே அடுத்த போகத்தில் மண்டுவதைப் போன்றது இது. மேலும், மருந்தை எதிர்க்கும் திறமையை ஒரு பாக்டீரியா வேறு இனத்து பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். பாடம் படிக்காத தோழிக்கு விடைத்தாளை நீட்டுவது போல!

சுப்பாராவ் வாழ்ந்த பாஸ்டனுக்கு அருகிலேயே ஒரு பண்ணையில் டாக்டர் ஸ்டூவர்ட் லெவி என்பவர் இதனை ஆராய்ந்து 1976இல் வெளியிட்டார். டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் தின்ற கோழிகளின் குடலில், ஓரிரு வாரத்துக்குள் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகின. ஐந்தாறு மாதங்களில் அப்பண்ணையில் வாழ்ந்த மனிதரிடமும் அவை காணப்பட்டன. அவர்கள் அம்மருந்தை உண்டவர்கள் அல்லர்.

கூண்டுப் புலியின் குற்றமென்ன?

மனிதரோடு இக்கேடு நின்றுவிடவில்லை. 2007இல் ஜப்பானின் ஹிரோஷிமாப் பகுதியிலுள்ள ஆசா விலங்கியல் பூங்காவின் விலங்குகள், பறவைகள், ஊர்வனவற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, பல மருந்துகளையும் ஒருங்கே எதிர்ப்பவையாக இருந்தன. நம் நாட்டுப் பூங்கா விலங்குகளிலும் இத்தகைய பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டுள்ளன.

மருந்துக் கடையையே காணாத விலங்குக்கு இது எவ்வாறு வந்தது? சென்னையில் 1855இல் தோன்றி 1985இல் வண்டலூருக்கு மாறிய விலங்கியல் பூங்காவுக்கு நம்மில் பலர் சுற்றுலா சென்றிருப்போம். எந்தப் பூங்காவானாலும் கூண்டுப் புலி தானே வேட்டையாடுவதில்லை. மனிதர் தரும் இறைச்சியை உண்கிறது. அவ்விறைச்சி பண்ணையிலிருந்து வருவது. குடிநீரும் மனிதர் தருவதே. காப்பாளரின் கையும் காலணியும், கூண்டுக்குள் வந்து போகும் காகமும் எலியும் ஈயும் கிருமிகளைச் சுமக்கின்றன. நோய் கண்டாலும் சிக்கல்தான். நம்மைப் போல் புலி நாக்கை நீட்டிக் காட்டுமா, கையை நீட்டி ஊசி போட்டுக் கொள்ளுமா? இறைச்சியில் மருந்தை வைத்துத் தருவதுண்டு. அது பாதியைத் தின்று மீதியை ஒதுக்கிவிட்டால் மருந்தின் அளவு குறைந்துவிடும். அப்படி அடங்காத கிருமி பெருகினால் கால்நடை மருத்துவர் என்ன செய்வார்? உலகிலேயே சில நூறோ சில ஆயிரமோ மட்டும் எஞ்சியுள்ள இனத்தில் ஓர் உயிரை இழப்பது சிறு இழப்பன்று.

கிருமிகளுக்கு வேலியில்லை என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. தென்னிந்தியாவில் வளர்ப்பு யானைகளுக்கு மனிதரின் காசநோய்க் கிருமி தொற்றியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நம்மிடமிருந்து விலங்குக்கும், விலங்கிடமிருந்து நமக்கும் கிருமி நடமாடுகிறது. மனிதர் நலம், விலங்கு நலம், சுற்றுப்புற நலம் மூன்றும் ஒன்றே என்று அறிஞர்கள் இன்று வற்புறுத்துவது இதனால்தான்.

நம் கடமை

பெனிசிலின் தந்த பிளெமிங் 1945இலேயே, போதாத அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று நோபல் பரிசு உரையில் எச்சரித்தார். உலகம் சிறிது தாமதமாகவே செவிசாய்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடை செய்தது. நம் நாடு 2019இல், மனிதருக்குக் கடைசிப் புகலாக உள்ள கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தருவதைத் தடை செய்தது.

சட்டம் அரசின் கையில். பழக்கம் நம் கையில். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து என்று பொருள். தோழியரே, அடுத்த முறை அக்கோட்டைத் தேடிப் பாருங்கள். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் வைரஸே காரணம். அதனிடம் ஆன்டிபயாடிக் பலிக்காது. மருத்துவர் ஐந்து நாள் என்று எழுதித் தந்தால், இரண்டாம் நாளே தேறிவிட்டோம் என்று நாமாக நிறுத்தலாகாது. எஞ்சிய மாத்திரையை அடுத்த வீட்டுக்காரருக்குத் தருவதும் தவறு. பெற்றோர்களே, நம் வீட்டு ஆடும் கோழியும் சோர்ந்து நின்றால், நமக்கு வாங்கிய காப்ஸ்யூலைப் பிரித்துத் தீவனத்தில் கொட்ட வேண்டாம். கால்நடை மருந்தகத்தை நாடுவோம். பழைய மருந்துகளை ஏரியிலும் வாய்க்காலிலும் எறியாதிருப்போம். 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் நம் மாவட்டத்தில்தானே உள்ளது? நீர்நிலையை நம்பி வரும் பறவைகளுக்கு நல்ல நீரையே விட்டுவைப்பது நம் பொறுப்பன்றோ?

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று ஒதுக்கவும் முடியாது. தமிழகத்தில் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கும் எலிக் காய்ச்சலுக்கும் இன்று மருத்துவர்கள் தரும் டாக்ஸிசைக்ளின், ஆரியோமைசின் குடும்பத்து மருந்தே. வயலில் வேலை செய்யும் நம் தாய் தந்தையரைக் காப்பது அது. கைவசமுள்ள மருந்துகளைக் காக்கத் தவறினால், அந்த இரு சகோதரர்கள் மாண்ட காலத்துக்கே நாமும் திரும்ப நேரிடும்.

முடிவுரை

மூன்று முறை தேர்வெழுதித் தேறியவர். கதருக்காகப் பட்டத்தை இழந்தவர். கழிவுப் பாத்திரம் சுமந்து கல்வி கற்றவர். பெற்ற தாயைக் காணாமலே கண்மூடியவர். இத்தனை விலை கொடுத்து வந்தவை அம்மருந்துகள். அவற்றைக் கடையில் சில ரூபாய்க்கு வாங்கி விடுகிறோம் என்பதால் அவற்றின் மதிப்பு சில ரூபாய் ஆகிவிடாது. நம் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அது சுப்பாராவ் பிறந்த நாள்! நம்மில் சிலர் நாளை அக்கல்லூரியிலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பயிலக் கூடும். மற்றவர்கள் இல்லத்தை ஆளும் தாய்மார்களாவோம். எந்நிலையில் இருப்பினும், மருந்தை அளவறிந்து, தேவையறிந்து பயன்படுத்துவோம். டாக்டர் சுப்பாராவுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாகும்.